ரோம் 476இல் வீழ்ந்தது என்கிறார்களே, அன்றைக்கு என்னதான் நடந்தது?

ரெண்டாம்பெஞ்சு:

வணக்கம் மக்களே. ஒன்பதாவது படிக்கும் மகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து வசமாக மாட்டிக்கொண்டேன். கி.பி. 476இல் மேற்கு ரோமானியப் பேரரசு வீழ்ந்தது என்று சத்தமாகப் படித்துக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தி, "வீழ்ந்ததுன்னா அன்னைக்கு என்னப்பா நடந்தது, ஊரைக் கொளுத்திட்டாங்களா, ராஜாவை வெட்டிட்டாங்களா?" என்று கேட்டாள். தெரியாது என்று ஒத்துக்கொள்ள மனசு வராமல் நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ராத்திரி ஃபோனில் தேடினால் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். ஈயக் குழாயில் தண்ணீர் குடித்து மூளை கெட்டுப்போனதாம். கிறிஸ்தவம் வந்ததும் போர்க்குணம் போனதாம். சுகபோகம், விலைவாசி, கொள்ளைநோய், ஹூணர்கள். வெந்நீர்க் குளியலால்தான் அழிந்தார்கள் என்றுகூட ஒருவர் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார்.

என் கேள்வி இரண்டு. அன்றைக்கு என்ன நடந்தது? இத்தனை காரணத்தில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால் நீங்கள் எதைச் சொல்வீர்கள்? "எல்லாம் சேர்ந்துதான்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், "அது பதில் இல்லப்பா" என்றுவிட்டாள்.

உப்புக்கணக்கு:

அன்றைக்கு நடந்ததைச் சொன்னால் பாப்பா ஏமாந்துபோவாள். இத்தாலியில் இருந்த ரோமப் படையில் அப்போது பெரும்பாலும் ஜெர்மானிய ஆட்கள்தான். அவர்கள் இத்தாலி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு தங்களுக்கு வேண்டும் என்று கேட்டார்கள். அரியணையில் இருந்தது ரோமுலுஸ் என்ற பையன், ஆனால் நாட்டை நடத்தியது அவனுடைய அப்பா, ஒரெஸ்டெஸ் என்ற தளபதி. அவர் முடியாது என்றார். வீரர்கள் தங்களில் ஒருவரான ஒடோவாக்கரைத் தலைவராக்கிக்கொண்டு ஆகஸ்ட் 28ஆம் தேதி ஒரெஸ்டெஸைக் கொன்றார்கள். ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 4ஆம் தேதி, அப்போதைய தலைநகர் ரவென்னாவில் பையனை இறக்கிவிட்டார்கள். அப்புறம் ஒடோவாக்கர் செனட் சபையைக் கொண்டே பேரரசின் கிழக்குப் பாதிக்குத் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிளுக்கு ஆள் அனுப்பி, அரச உடையையும் சின்னங்களையும் அங்கிருந்த பேரரசர் ஜீனோவிடம் ஒப்படைத்து, இங்கே தனியாக ஒரு பேரரசர் தேவையில்லை, நீங்கள் ஒருவரே போதும் என்று சொல்லச் செய்தார். அவ்வளவுதான். ரோம் நகரத்தை அன்று யாரும் கொளுத்தவில்லை, தலைநகரே அங்கே இல்லை. சூறையெல்லாம் முன்னாலேயே முடிந்திருந்தது, 410இல் ஒரு தடவை, 455இல் ஒரு தடவை. செனட் சபை அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கூடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது கேள்வி. ஒன்றுதான் சொல்ல வேண்டும் என்றால் நான் சொல்வது, படைக்குச் சம்பளம் போட முடியாமல் போனது. நான் முப்பது வருஷம் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதியவன், அதனால் எனக்கு எல்லாமே வரவு செலவாகத்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆலையை மூடிய தேதி என்று ஒன்று கோப்பில் இருக்கிறது. ஆனால் உள்ளே இருந்த எங்களுக்கு ஆலை அதற்கு ஆறு வருஷம் முன்பே மூடியாகிவிட்டது, முதல் தடவையாக ஏழாம் தேதி வர வேண்டிய சம்பளம் இருபதாம் தேதி வந்ததே, அந்த மாதம்.

ரோம அரசாங்கத்தின் பெரிய செலவு ராணுவம், பெரிய வரவு நிலவரி. வரி வர வேண்டுமென்றால் மாகாணம் அமைதியாக இருக்க வேண்டும், மாகாணம் அமைதியாக இருக்க ராணுவம் வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றது தானாக அறுந்துவிடும். 406 டிசம்பர் 31ஆம் தேதி வாண்டல்கள், ஆலன்கள், சூபிகள் என்று பல கூட்டத்தார் ரைன் நதியைக் கடந்து இன்றைய பிரான்சுக்குள் நுழைந்தார்கள். 409இல் ஸ்பெயினுக்குப் போனார்கள். அவர்கள் மிதித்த ஊரில் விளைச்சல் போனது, விளைச்சல் போன ஊர் வரி கட்டவில்லை. இருந்தாலும் மேற்கு தாக்குப்பிடித்தது, ஏனென்றால் வட ஆப்பிரிக்கா கைவசம் இருந்தது. இன்றைய துனிசியாவும் அதை ஒட்டிய அல்ஜீரியாவும்தான். எகிப்தின் தானியம் கான்ஸ்டாண்டிநோபிளுக்குத் திரும்பிய பிறகு ரோம் நகரம் தின்றது ஆப்பிரிக்கக் கோதுமை, விளக்குக்கும் சமையலுக்கும் ஆப்பிரிக்க எண்ணெய். செலவு அதிகமில்லாமல் வரவு கொட்டிய மாகாணம், சுற்றிலும் கடலும் பாலைவனமும், காவலுக்குப் பெரிய படைகூடத் தேவைப்படவில்லை.

429இல் கெய்செரிக் என்ற வாண்டல் அரசன் தன் மக்களை, பெண்டு பிள்ளைகள் உட்பட 80,000 பேர் என்று அந்த நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள், கப்பல் ஏற்றி ஜிப்ரால்டர் நீரிணையைக் கடந்து ஆப்பிரிக்காவில் இறங்கினான். 439 அக்டோபர் 19ஆம் தேதி, ரோமோடு செய்த ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே, அங்கே இருந்த பெரிய நகரமான கார்த்தேஜைப் பிடித்தான். என்னைக் கேட்டால் பாடப்புத்தகத்தில் போட வேண்டிய தேதி அதுதான்.

அதற்கப்புறம் ஐந்தாறு வருஷத்தில் மேற்குப் பேரரசர் மூன்றாம் வாலன்டினியன் போட்ட சட்டங்களைப் படித்துப் பாருங்கள், எந்தக் கணக்கருக்கும் வயிற்றைப் பிசையும். புதிதாகச் சேர்த்த ஆட்களுக்கும் பழைய படைக்கும் சோறும் துணியும் கொடுக்கக்கூட வசூல் போதவில்லை என்று பேரரசரே எழுதுகிறார். அதற்காக ஒரு விற்பனை வரி. ஒரு பொற்காசுக்கு 24இல் ஒரு பங்கு, வாங்குபவர் பாதி, விற்பவர் பாதி. இன்னொரு சட்டத்தில், கையில் மிச்சமிருந்த ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கு வரியை எட்டில் ஒன்றாகக் குறைக்கிறார். நல்ல மனசால் குறைக்கவில்லை, அதற்கு மேல் அங்கே கறக்க ஒன்றுமில்லை.

ஆப்பிரிக்காவை மீட்கப் பார்க்காமலும் இல்லை. 460இல் மேற்குப் பேரரசர் மயோரியன் ஸ்பெயினில் கப்பல்களைச் சேர்த்தார், புறப்படுவதற்கு முன்பே அவை எதிரியின் கையில் போய்விட்டன. 468இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து ஆயிரத்துக்கு மேல் கப்பல் அனுப்பின. கெய்செரிக் ஐந்து நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, காற்று திரும்பியதும், தீ வைத்த கப்பல்களை அந்தக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டான். எட்டு வருஷத்தில் 476. நிலம் கொடு என்று வீரர்கள் கேட்டார்கள் என்றேனே, ஏன் நிலம் கேட்டார்கள்? கொடுக்கக் காசு இல்லை என்று அவர்களுக்கும் தெரியும்.

வாதாடி:

உப்புக்கணக்கு ஐயா அருமையாக எழுதியிருக்கிறார், ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. காசு போனது காய்ச்சல் மாதிரி, நோய் வேறே. 80,000 பேர் என்கிறீர்கள், அதில் சண்டை போடக்கூடியவன் பதினைந்தாயிரமோ இருபதாயிரமோ இருப்பான். குழந்தை குட்டி மாட்டு வண்டியோடு ரைனில் கிளம்பி, பிரான்ஸ், ஸ்பெயின் முழுக்க நடந்து, கடலைக் கடந்து, 33 வருஷம் கழித்துக் கார்த்தேஜில் உட்காருகிறான். அந்த 33 வருஷமும் ரோமர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். ரைனைக் கடந்த சமயத்தில் பிரிட்டனில் இருந்த படை தானாக ஒரு பேரரசரை அறிவித்து, மூன்றாம் கான்ஸ்டன்டைன், தீவைக் காலி செய்துகொண்டு பிரான்சில் இறங்கியது. ரவென்னாவில் இருந்த மேற்குப் பேரரசர் ஹோனோரியுஸுக்கு வாண்டல்களைவிட இவர்தான் பெரிய எதிரி. 408இல் தன்னுடைய மிகச் சிறந்த தளபதி ஸ்டிலிகோவை ஹோனோரியுஸ் தலையை வெட்டவைத்தார். அதோடு விடவில்லை, ரோமப் படையில் இருந்த ஜெர்மானிய வீரர்களின் மனைவி மக்களை இத்தாலி நகரங்களில் கொன்று குவித்தார்கள். அந்த வீரர்கள், 30,000 பேர் என்று சொல்கிறார்கள், நேராகப் போய் கோத் என்ற ஜெர்மானியக் கூட்டத்தின் தலைவன் அலாரிக்கோடு சேர்ந்துகொண்டார்கள். இரண்டே வருஷத்தில் அலாரிக் ரோமுக்குள். இது வெளியில் இருந்து வந்த வினையா?

ஆப்பிரிக்காவுக்கு வாண்டல்கள் வந்தபோதும் அங்கே ஆளுநர் தளபதி போனிஃபாட்டியுஸுக்கும் ரவென்னா அரசவைக்கும் தகராறு முடிந்து ரொம்ப நாளாகியிருக்கவில்லை. 432இல் அவர் ஆப்பிரிக்காவை விட்டு இத்தாலிக்கு வந்து சண்டை போட்டது யாரோடு? சக ரோமத் தளபதி ஏட்டியுஸோடு. ஜெயித்தார், காயத்தில் செத்தார். அந்த ஏட்டியுஸ் அப்புறம் ஹூணர் அரசன் அட்டிலாவையே நிறுத்திய ஆள், அவரை 454இல் கணக்கு வழக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது வாலன்டினியனே தன் கையால் வெட்டினார். செய்தது சரியா என்று கேட்டதற்கு, உங்கள் இடது கையால் வலது கையை வெட்டிக்கொண்டீர்கள் என்று ஒருவர் பதில் சொன்னாராம். ஆறு மாதத்தில் ஏட்டியுஸின் ஆட்கள் வாலன்டினியனை முடித்தார்கள்.

இந்தப் பழக்கம் புதிதும் இல்லை. 211இல் பேரரசர் செப்டிமியுஸ் செவெரஸ் சாகும்போது இரண்டு பிள்ளைகளிடம், ஒற்றுமையாக இருங்கள், வீரர்களுக்கு அள்ளிக் கொடுங்கள், மற்றவர்களைக் கண்டுகொள்ளாதீர்கள் என்றாராம். அந்த வருஷமே பெரியவன் சின்னவனை அம்மா மடியிலேயே கொல்லவைத்தான். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 235இலிருந்து 284 வரை ஐம்பது வருஷத்தில் இருபதுக்கு மேல் பேரரசர்கள், படுக்கையில் இயற்கையாகச் செத்தவர்களைத் தேட வேண்டும்.

ஹோனோரியுஸ் பற்றி ஒரு கதை உண்டு, பாப்பாவுக்குப் பிடிக்கும். 410இல் "ரோம் போய்விட்டது" என்று ஓடிவந்து சொன்னார்களாம். "இப்போதுதானே என் கையில் தீனி தின்றது" என்று பதறினாராம். அவர் வளர்த்த கோழிக்கு ரோம் என்று பேர். நகரம்தான் போனது என்று தெரிந்ததும் பெருமூச்சு விட்டாராம். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து எழுதப்பட்டது, கட்டுக்கதையாகத்தான் இருக்கும். ஆனால் அவரைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்று அதிலேயே தெரிகிறது.

மேகலை:

ஈயக் குழாயை யாராவது தொடுவார்கள் என்று பார்த்தேன், ஒருவரும் தொடவில்லை, அதனால் நான். நான் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ரோமுக்கு வந்த தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். நம் வீட்டு கீசரில் வெள்ளையாகப் படியுமே, அதேபோல் குழாயின் உட்புறம் படிந்து ஈயத்தை மூடிவிடும். தண்ணீரும் குழாயில் தேங்கி நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. ஈயம் உடம்புக்கு ஆகாது, மண் குழாய்தான் நல்லது என்று அகஸ்டஸ் காலத்துப் பொறியாளர் விட்ருவியுஸே எழுதிவிட்டார். பேரரசு அதற்கப்புறம் நானூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. ஈயத்தால் கெடுதல் இருந்திருக்கும், பேரரசு சாய்கிற அளவுக்கு இல்லை.

கொள்ளைநோயை இப்படித் தள்ள முடியாது. 165 வாக்கில் கிழக்குப் போர்முனையில் இருந்து திரும்பிய படையோடு ஒரு நோய் வந்தது. மருத்துவர் காலன் எழுதிய குறிப்புகளை வைத்துப் பெரியம்மையாக இருக்கலாம் என்கிறார்கள். 250 வாக்கில் இன்னொன்று. இரண்டுமே ஆள் செத்தது மட்டுமில்லை, வரி கட்டுபவனும் படையில் சேருபவனும் செத்தான், அதனால் இது உப்புக்கணக்கு சார் சொல்லும் சங்கிலியிலேயே வந்து சேர்கிறது. ஆனால் 476க்கு நேரடிக் காரணமாக இதைச் சொல்ல எனக்குத் தயக்கம். 4ஆம் நூற்றாண்டில் பல இடங்கள் நன்றாகவே தேறியிருந்தன. வடக்கு சிரியாவில் அந்தக் காலத்தில் எண்ணெய் ஆட்டிப் பணம் சேர்த்த கிராமத்தார் கட்டிய கல்வீடுகள் இன்றைக்கும் கூட்டங்கூட்டமாக நிற்கின்றன. 541இல் வந்த பெரிய பிளேக் ரோமை முடித்தது என்று சில வீடியோக்களில் போடுகிறார்கள், அது 476க்கு 65 வருஷம் பிந்தியது. தேதியையாவது பாருங்கள் அப்பா.

நிலா74:

எனக்கு இந்தச் சண்டையில் பக்கம் இல்லை, இரண்டு சம்பவம் மட்டும் சொல்கிறேன்.

376இல் ஹூணர்களுக்குப் பயந்து கோத் மக்கள் எல்லையான டேன்யூப் ஆற்றங்கரையில் வந்து நின்று, உள்ளே விடுங்கள் என்று கெஞ்சினார்கள். பேரரசர் வாலன்ஸ் விட்டார், படைக்கு ஆள் கிடைக்கும் என்று. சோறு போட வேண்டிய அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? பட்டினி கிடந்தவர்களுக்கு நாய்களைப் பிடித்துவந்து விற்றார்கள். ஒரு நாய்க்கு ஓர் ஆள் அடிமை. தலைவர்களின் பிள்ளைகளே அப்படிப் போனார்கள். இரண்டு வருஷம் கழித்து அட்ரியானோபிள் என்ற ஊரில் அதே கோத்துகள் ரோமப் படையில் மூன்றில் இரண்டு பங்கை அழித்தார்கள், வாலன்ஸின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

இன்னொன்று 449இல். அட்டிலாவின் முகாமுக்குக் கிழக்கு ரோமின் தூதுக்குழுவில் போன பிரிஸ்கஸ் அங்கே ஒருவரைப் பார்க்கிறார். ஹூணர் உடை, ஹூணர் போலவே வட்டமாக வெட்டிய முடி, ஆனால் சுத்தமான கிரேக்கத்தில் வணக்கம் சொல்கிறார். டேன்யூப் கரை ஊர் ஒன்றில் வணிகராக இருந்தவர், பிடிபட்டு அடிமையாகி, போரில் சம்பாதித்து விடுதலை வாங்கி, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டவர். திரும்பி வர மாட்டேன் என்கிறார். ரோம ஆட்சியில் வரி கொன்றுவிடும், நீதிமன்றத்துக்குப் போனால் பணக்காரனுக்கு ஒரு சட்டம் ஏழைக்கு ஒரு சட்டம், காசு இல்லாமல் தீர்ப்பு கிடையாது என்கிறார். பிரிஸ்கஸ் நம் சட்டங்கள் எவ்வளவு நல்லவை என்று நீளமாக எடுத்துச் சொல்ல, அந்த ஆள் அழுதுவிட்டார். சட்டம் நல்லதுதான், நடத்துகிறவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்றார்.

படை, காசு எல்லாம் சரி. குடிமகனே இப்படிச் சொல்லும்போது யாருக்காகக் காப்பாற்றுவது?

கரூர்க்காரன்:

விலைவாசி, காசு என்று கேட்டதால் வந்தேன், நாணயம் நம்ம ஏரியா.

அகஸ்டஸ் காலத்து வெள்ளி தினாரில் ஏறக்குறைய முழுதும் வெள்ளி. 64இல் நீரோ கொஞ்சம் குறைத்தார். செவெரஸ் காலத்தில் பாதிக்குப் பாதி. 215இல் அவருடைய மூத்த மகன் காரகல்லா புதுக் காசு ஒன்று விட்டார், மதிப்பு இரண்டு தினார், உள்ளே இருக்கும் வெள்ளி ஒன்றரை தினாருக்குத்தான் காணும். 260களின் கடைசியில் அதே காசில் வெள்ளி ஐந்து சதவீதம்கூட இல்லை, செம்பில் வெள்ளி முலாம், விரல் பட்டால் போய்விடும். அகஸ்டஸ் காலத்தில் ஒரு ரோமப் பவுண்டு தங்கம் சுமார் ஆயிரம் தினார். 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலைப்பட்டியலில் 72,000. அந்தப் பட்டியல் கல்லில் வெட்டி ஊர் ஊராக நட்டது. முடிவெட்ட ஆளுக்கு 2 தினார், வயலில் வேலை செய்பவனுக்குச் சாப்பாடு போட்டு நாளுக்கு 25, ஒரு சிங்கம் வாங்க 1,50,000. மீறி விற்றால் மரண தண்டனை. ஒன்றும் நடக்கவில்லை, சரக்கு சந்தையில் இருந்து மறைந்ததுதான் மிச்சம்.

ஆனால் ஒரு விஷயம், இதை 476க்குக் காரணமாகச் சொல்கிறவர்கள் நடுவில் நூற்றைம்பது வருஷத்தை விழுங்கிவிடுகிறார்கள். பேரரசர் முதலாம் கான்ஸ்டன்டைன் பவுண்டுக்கு 72 வீதம் அடித்த சொலிதுஸ் தங்கக் காசு ஏழு நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. 476இல் ஒடோவாக்கர் வந்தபோது தங்கக் காசு நல்ல காசுதான். காசு கெட்டதால் இல்லை, காசு இல்லாததால் போனார்கள். அதனால் என் ஓட்டு உப்புக்கணக்கு அண்ணனுக்கு.

நம்ம ஊர்ப் பக்கம் ஒரு கொசுறு. தமிழ்நாட்டில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் பெரும்பாலும் அகஸ்டஸும் டைபீரியஸும்தான், நீரோ வெள்ளியைக் குறைத்ததற்குப் பிறகு அடித்தவை அபூர்வம். இங்கே இருந்த வியாபாரிக்கு உரசிப் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அதே சமயம் அமராவதி ஆற்று மணலில் வேறொரு வகையும் கிடைக்கும், 4, 5ஆம் நூற்றாண்டுச் செப்புக்காசு, சட்டைப் பொத்தான் அளவுதான். தெரிந்தவர் வீட்டில் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார். தேய்ந்து தேய்ந்து ஒரு பக்கம் தலை மாதிரி ஒரு மேடு, இன்னொரு பக்கம் இரண்டு கோடு, ஈட்டி பிடித்த வீரர்களாக இருக்க வேண்டும். மதுரையிலும் இலங்கையிலும்கூட இதே காசு நிறையக் கிடைக்கிறது. அங்கே பேரரசு ஆட்டம் கண்டுகொண்டிருந்தபோது இங்கே அந்தச் சில்லறை கைமாறிக்கொண்டிருந்தது.

இன்னொன்று, 408இல் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோது விலகிப் போகக் கேட்டது 5,000 பவுண்டு தங்கம், 30,000 பவுண்டு வெள்ளி, 4,000 பட்டு உடுப்பு, அதோடு 3,000 பவுண்டு மிளகு. ரோமப் பவுண்டு நம் கணக்கில் 330 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, அப்படியென்றால் ஏறக்குறைய ஒரு டன் மிளகு. அது விளைந்தது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான்.

ரெண்டாம்பெஞ்சு:

எல்லாருக்கும் நன்றி. கோழிக் கதைக்கு வீடே சிரித்தது. நாய்க் கதையை நான் சொல்லவில்லை, அவளே என் ஃபோனை எடுத்துப் படித்துவிட்டாள், கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவளுடைய அடுத்த கேள்விகள். கிழக்குப் பாதியிலும் உள்சண்டை உண்டு, ஊழல் உண்டு, கிறிஸ்தவமும் உண்டு, பிறகு அது எப்படி 1453 வரை இருந்தது? அப்புறம், அந்தப் பையன் என்ன ஆனான்?

உப்புக்கணக்கு:

கேட்டாள் பாருங்கள், வாதாடி தம்பிக்கு நான் சொல்ல நினைத்த பதிலும் அந்த முதல் கேள்வியிலேயே இருக்கிறது. கிழக்கிலும் துரோகம், கொலை, அரியணைச் சண்டை எல்லாம் உண்டு, ஜீனோவையே ஒரு தடவை தலைநகரை விட்டு விரட்டினார்கள். ஆனால் அவர்களுடைய பணப்பெட்டி எகிப்திலும் சிரியாவிலும் சின்ன ஆசியாவிலும் (இன்றைய துருக்கி) இருந்தது. அட்ரியானோபிளில் ஜெயித்த கோத்துகளால் அங்கே போக முடியவில்லை, நடுவில் கடல், கடலோரத்தில் கான்ஸ்டாண்டிநோபிள், அதைச் சுற்றி 413இல் எழுப்பிய மதில். பால்கன் பகுதி நாசமானது, வரவு நிற்கவில்லை. அட்டிலா 447இல் வருஷத்துக்கு 2,100 பவுண்டு தங்கம் கேட்டபோது திட்டிக்கொண்டே கட்டினார்கள், 450இல் புதுப் பேரரசர் வந்து கட்ட மாட்டேன் என்றார். மேற்குக்கு இந்த வசதி இல்லை. ஒரே முட்டாள்தனத்தைப் பணக்காரன் செய்தால் நஷ்டம், ஏழை செய்தால் திவால். அதற்காக உள்சண்டையைத் தள்ளவில்லை தம்பி, பாதி ஓட்டு உனக்கும் உண்டு.

பையன் கதைக்கு முன்னால் இன்னொன்று சொல்ல வேண்டும், இரண்டும் ஒரே இடத்தில் போய் முடிகிறது.

இன்றைய ஆஸ்திரியாவில் டேன்யூப் கரையோரம் அந்தக் காலத்தில் செவரினுஸ் என்று ஒரு துறவி இருந்தார். அவர் வரலாற்றை அவருடைய சீடர்களில் ஒருவர் 511இல் எழுதிவைத்தார். அதில் வருகிறது: ரோம அரசு இருந்தவரை எல்லையில் பல ஊர்களில் வீரர்களுக்கு அரசுச் செலவில் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. அந்த வழக்கம் நின்றதும் படைப்பிரிவுகள் கலைந்தன. பதாவிஸ் என்ற ஊரில், இன்றைய ஜெர்மனியின் பாஸாவ், ஒரு பிரிவு மட்டும் கலையவில்லை. அதில் சில பேர் கடைசிச் சம்பளத்தை வாங்கிவர இத்தாலிக்குக் கிளம்பினார்கள். வழியில் யாரோ கொன்றுபோட்டார்கள், ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒருநாள் செவரினுஸ் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று புத்தகத்தை மூடிவிட்டு அழுதாராம். ஆற்றுக்கு ஓடுங்கள், மனித ரத்தம் கலந்திருக்கிறது என்றாராம். கொஞ்ச நேரத்தில், அந்த வீரர்களின் உடல்களை ஆற்றுநீர் கரையில் ஒதுக்கியிருக்கிறது என்று செய்தி வந்தது. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எனக்கு அந்த வீரர்கள் போதும். கேட்க ஓர் இடம் இன்னும் இருக்கிறது என்று நம்பிக் கிளம்பியிருக்கிறார்கள் பாருங்கள். எங்கள் ஆலையிலும் நாலு பேர் இப்படித்தான் கோயம்புத்தூர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறினோம், பூட்டிக் கிடந்தது.

அதே துறவியின் குடிசைக்கு ஒருநாள் இத்தாலிக்குப் பிழைக்கப் போகும் சில ஜெர்மானிய இளைஞர்கள் ஆசி வாங்க வந்தார்கள். அதில் ஒருவன் நல்ல உயரம், ரொம்ப எளிய உடை. கூரை இடிக்காமல் இருக்கக் குனிந்து நின்றான். போ, இப்போது தோல் உடுத்தியிருக்கிறாய், சீக்கிரம் பலருக்கு நீ வாரி வழங்குவாய் என்றாராம் செவரினுஸ். அவன்தான் ஒடோவாக்கர்.

பையனை ஒடோவாக்கர் கொல்லவில்லை. சின்ன வயசு, பார்க்கவும் அழகாக இருந்தான், அதனால் இரக்கப்பட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். வருஷத்துக்கு 6,000 சொலிதுஸ் படி கொடுத்து, சொந்தக்காரர்களோடு நேப்பிள்ஸ் பக்கம் கடலோரத்தில் லூக்குல்லஸ் கோட்டை என்ற இடத்துக்கு அனுப்பினார். கரூர்க்காரன் சொன்ன 72 கணக்குப்படி அது 83 பவுண்டு, 27 கிலோ தங்கம். எல்லைக்காரனுக்குச் சம்பளம் இல்லை, பையனுக்கு ஓய்வூதியம் இருந்தது.

செவரினுஸ் 482இல் இறந்தார். 488இல் எல்லையைக் காப்பாற்ற முடியாது என்று ஒடோவாக்கரே அங்கிருந்த ரோமர்களை இத்தாலிக்கு வந்துவிடச் சொன்னார். வீட்டைப் போட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் துறவியின் உடலைத் தோண்டியெடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். சில வருஷம் அங்குமிங்கும் அலைந்த பிறகு ஒரு பணக்கார அம்மாள் கல்லறை கட்ட இடம் கொடுத்தார், பேர் பார்பாரியா. அவர் அந்தப் பையனின் தாயாக இருக்கலாம் என்று ஊகிக்கிறவர்களும் உண்டு. இடம் எது என்று கேட்டால், அதே லூக்குல்லஸ் கோட்டை.